கொழுக்கட்டைப் பிடி

ஏப்ரல் 6, திங்கள்

எங்கள் துப்பாக்கிச் சங்கச் செயலாளர் வேலாயுதப் பெருமாள் சார் இன்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். மே ஒன்பதாம் தேதி திருச்சியில் மாநிலப் போட்டி. அதுவரை தினமும் எழுத வேண்டும். சனிக்கிழமைதோறும் அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே ஒரு சட்டம்தான்: நல்லதை மட்டும் எழுத வேண்டும். இலக்கின் நடுவட்டமான பத்தில் பட்ட குண்டை எழுதலாம், தவறிய குண்டை எழுதக்கூடாது. கெட்டதை எழுதினால் கை அதையே மனப்பாடம் செய்துவிடுமாம்.

சரி, நல்லதை எழுதுகிறேன். நான் ஜெயசீலி, வயது நாற்பத்தாறு. பாளையங்கோட்டையில் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது என் தொழில். மூன்று வருடமாகப் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். போட்டிக்கு எடுத்துப்போகிற தரத்தில் சங்கத்தில் இருப்பது ஒரே ஒரு பிஸ்டல். அதை நானும் என் நாத்தனார் சுகிர்தாவும் பங்கு போட்டுக்கொள்கிறோம். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து துடைக்க வேண்டும்.

இன்று சார் இன்னொன்றும் சொன்னார். திருச்சியில் எங்கள் இருவரில் யார் அதிகம் எடுக்கிறோமோ, அவருக்கே அந்தப் பிஸ்டல் ஒரு வருடம் முழுக்கச் சொந்தம். கைப்பிடியைக்கூடத் தன் கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்ளலாம்.

சுகிர்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்றைய நல்லது இவ்வளவுதான்.

ஏப்ரல் 8, புதன்

முப்பது குண்டு சுட்டேன். பதினொன்று பத்தில் விழுந்தன. மற்ற பத்தொன்பதைப் பற்றி எழுதச் சட்டம் இடம் தரவில்லை.

மரக் கைப்பிடி எப்போதோ யாருக்கோ செதுக்கியது. அந்த மனிதருக்கு உள்ளங்கையே கிடையாது போலிருக்கிறது. என் கைக்கும் அதற்கும் நடுவே ஒரு கல்யாண ஊர்வலம் போகலாம். மரத்தில் கத்தி படக்கூடாது, அரம் படக்கூடாது என்பது சாரின் உத்தரவு. மெழுகைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பல் செட்டுக்கு வடிவம் பிடிக்கிற ரோஸ் நிற மெழுகு என் மேசையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. கொஞ்சம் உருக்கி உள்ளங்கைப் பக்கம் ஒற்றினேன். கை போய் நன்றாக உட்கார்ந்தது. அதன் பிறகு சுட்ட ஐந்தில் நான்கு பத்து.

வாங்கியபடியே திருப்பித் தர வேண்டும் என்று எனக்கும் சுகிர்தாவுக்கும் ஒப்பந்தம் உண்டு. சுரண்டிவிட்டுத்தான் பெட்டியில் வைத்தேன். ஓரத்தில் கொஞ்சம் மறந்துவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது சுகிர்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மைனி, பிஸ்டல் கைப்பிடில செவப்பா என்னமோ ஒட்டியிருக்கு."

"என்னத்தட்டி ஒட்டியிருக்கு?"

"தெரியலியே. பல்லு எதுவும் மொளைக்கப் போவுதோ என்னமோ."

நான் புளிக்குழம்புச் சட்டியை அழுத்தித் தேய்த்தேன். சட்டி பளபளவென்று ஆகிவிட்டது. நல்லது.

ஏப்ரல் 10, வெள்ளி

பெட்டியைத் திறந்தால், குண்டு டப்பாவின் மேல் ஒரு சின்னக் கடைவாய்ப் பல். என் மெழுகையே உருட்டிச் செய்து வைத்திருக்கிறாள் சுகிர்தா. வேர் இரண்டும் ஒரே நீளம், அது தப்பு. மற்றபடி வேலை சுத்தம்.

முதல் பத்து குண்டும் இடப்பக்கமே போயின. மூச்சைச் சரி பார்த்தேன், தோளைச் சரி பார்த்தேன். கடைசியில்தான் பிஸ்டல் மேல் குறி பார்க்கிற தகட்டை, பின்பக்கக் குறியைப் பார்த்தேன். அதன் திருகை இடப்பக்கம் இரண்டு சொடுக்கு நகர்த்தியிருந்தாள். ஒரு சொடுக்கு என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். இரண்டு சொடுக்கு என்பது ஒரு செய்தி.

திருகைத் திருப்பி வைத்தேன். கோபம் வரவில்லை. வந்ததை எழுதக்கூடாது.

ஏப்ரல் 11, சனி

சார் கையெழுத்துப் போடுமுன் படிக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நேற்றைய பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இப்படி எழுதினேன்: "செயலாளர் மீசைக்குச் சாயம் போடும்போது வலப்பக்கத்தை மறந்துவிடுகிறார்." அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அதற்கு நேர் கீழே "நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆகவே இனி இந்த நோட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். வீட்டில் என் வேலை அறையில், அச்செடுக்கிற பாரிஸ் சாந்துப் பொடி மூட்டைக்குள் பாலித்தீன் பையில் சுற்றிப் புதைத்து வைக்கிறேன். அந்த மூட்டைக்குள் யாரும் கை விட மாட்டார்கள். விட்டால் முழங்கை வரை வெள்ளையாகிவிடும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கோவிலுக்குப் போய் வந்து இருவரும் பிஸ்டல் துடைத்தோம். குழலுக்குள் அழுக்கெடுக்கிற கம்பளிக் குண்டு நான்கு விட்டோம். முதலாவது கறுப்பாக வந்தது, நான்காவது வெள்ளையாக வந்தது. காற்று உருளையின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், குமிழி வரவில்லை. குண்டுகளைக் கண்ணாடித் தட்டில் உருட்டி, விளிம்பு நசுங்கியவற்றைத் தள்ளினோம். சுகிர்தா பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர். தராசு, எடை, அளவு எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டன. விசை இழுப்பு ஐந்நூறு கிராமுக்குக் குறையக்கூடாது. பள்ளியிலிருந்து கேட்டு வாங்கிவந்த எடைக்கல்லைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்தாள். விசை நின்றது.

என் வீட்டுக்காரர் அருள்சேகர் காப்பி டம்ளரோடு எட்டிப் பார்த்தார். பேருந்துப் பணிமனையில் டயர்ப் பிரிவு மேற்பார்வையாளர். அவரைப் பொறுத்தவரை காற்று அடைக்க வேண்டியது டயரில் மட்டும்தான்.

"ரெண்டு பேரும் கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு அடுப்படிக்கு வாங்க. போன வாரம் தோசைல ஈயம் கெடந்துது" என்றார்.

"அது கடுகு, அண்ணே" என்றாள் சுகிர்தா.

கடுகு இல்லை. ஆனாலும் நானும் கடுகு என்றே சொன்னேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

அவள் நாள். நான் சும்மா இருந்தேன்.

சுகிர்தா கறுப்புச் சுடிதார் போட்டிருந்தாள், கை முழுக்க வெள்ளையாகப் பவுடர். "யாருக்குட்டி இவ்வளவு பவுடர்?" என்று கேட்டேன். "வேர்க்குரு மைனி" என்றாள். முப்பத்தெட்டு வயதில் முழங்கையில் வேர்க்குரு.

ஏப்ரல் 17, வெள்ளி

நாற்பது குண்டு, நானூறுக்கு 346. அடுத்த கட்டத்துக்குப் போக 350 வேண்டும். மெழுகோடு சுட்டால் 355 வரும் போலிருக்கிறது. ஆனால் உஷ்ணத்துக்கு அது இருபதாவது குண்டிலேயே நெகிழ்ந்துவிடுகிறது. அந்தப் பிஸ்டல் எனக்கே கிடைத்துவிட்டால் என் கைக்குச் செதுக்கிக்கொள்வேன். அப்போது பாருங்கள்.

எனக்கு அது வேண்டும். வெளிப்படையாகவே எழுதுகிறேன். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது எது? அடுப்பு எல்லோருக்கும், பீரோ எல்லோருக்கும், செல்போன் சார்ஜர்கூட எல்லோருக்கும்.

ஏப்ரல் 20, திங்கள்

குண்டு டப்பா மூடிக்குள், துரு பிடிக்காமல் இருக்க ஒரு காகிதத்தை மடித்து வைத்திருந்தாள் சுகிர்தா. எண்ணெய் பட்டிருந்ததால் புதுக் காகிதம் மாற்றலாம் என்று பிரித்தேன். ஓசூரில் ஒரு பள்ளியின் வேலை உத்தரவு. ஆய்வக மேற்பார்வையாளர். தங்குவதற்கு ஒரு சின்ன வீடும் உண்டு. ஜூன் மூன்றாம் தேதி சேர வேண்டும்.

மடித்தபடியே திருப்பி வைத்தேன். இருபது குண்டு சுட்டேன். எத்தனை பத்து என்று எண்ணவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

அருள்சேகரிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

"ஒங்கிட்ட சொன்னா நீ சாமியாடுவன்னு பயந்துட்டா" என்றார்.

"நான் எப்ப ஆடினேன்?"

"இப்ப ஆடுத."

கரண்டியைக் கீழே வைத்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னார். போவதா இருப்பதா என்று அவளுக்கே முடிவெடுக்க முடியவில்லையாம். திருச்சியில் ஜெயித்துப் பிஸ்டல் கையில் கிடைத்தால் இங்கேயே இருப்பாளாம். கிடைக்காவிட்டால் ஓசூர்.

கல்யாணம் ஒரே வருடத்தில் கசந்துபோய், ஒரு தோல்பையோடு திரும்பி வந்தவள். ஏழு வருடமாக எங்கள் மாடி அறையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறைக்குள்ளேயே படுத்துக் கிடந்தவளைச் சங்கத்துக்கு இழுத்துப் போனது நான்தான். முதல் நாளே என்னைவிட நன்றாகச் சுட்டாள். அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. இருந்தாலும் அவள் நன்றாகத்தான் சுட்டாள்.

இன்றைய நல்லது: அவளுடைய டிபன் பாக்ஸையும் சேர்த்துக் கழுவி வைத்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

நேற்று என் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன், முதுகு வலி என்று சொல்லி. என் முதுகுக்கு ஒன்றும் இல்லை.

அவள் இன்று சந்தேகத்தோடு குறியின் திருகை நாலு தடவை பார்த்தாளாம். நான் தொடவே இல்லை என்பது அவளுக்குப் புரியவில்லை. கெடுதல் செய்யாமல் இருந்தாலும் ஒரு மனுஷியை நிம்மதியாக விடமாட்டார்கள் போலிருக்கிறது.

ஏப்ரல் 25, சனி

ஒரு முடிவு எடுத்துவிட்டேன். சுகிர்தா ஜெயிக்க வேண்டும்.

நான் வேண்டுமென்றே மோசமாகச் சுடுவதாக இல்லை. அது எனக்கு வராது. மோசமாகச் சுடுவது எனக்குத் தானாக வந்தால்தான் உண்டு. அதனால் அவளை மேலே ஏற்றுவது ஒன்றே வழி. அவளுக்கும் அந்த மரக் கைப்பிடி பொருந்தவில்லை. அவள் கைக்கென்றே ஒன்று செய்துவிட்டால் 360 போவாள். சங்கத்து அலமாரியில் விரிசல் விட்ட உதிரிக் கைப்பிடி ஒன்று கிடக்கிறது. அதன் மேல் பல் செட் அக்ரிலிக்கை ஏற்றிவிடலாம். பிஸ்டலைப் பரிசோதித்து முத்திரை ஒட்டிய பிறகு எதையும் மாற்றக்கூடாது, ஆகவே நானும் அதே கைப்பிடியில்தான் சுட வேண்டியிருக்கும். சுட்டுவிட்டுப் போகிறேன்.

ஆனால் கேட்டால் அளவு கொடுக்க மாட்டாள். ஏன் எதற்கென்று நூறு கேள்வி வரும். "என்னைப் பிடிச்சு வைக்கப் பாக்கியளா" என்பாள். பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் தெரியாமல் எடுக்க வேண்டும்.

மனிதர்கள் தாங்களாகவே தங்கள் கையை அச்செடுத்துத் தட்டில் வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. பிடி கொழுக்கட்டை! ஐந்து விரல் பள்ளமும் உள்ளங்கை மேடும் அப்படியே பதியும். நாளை காலை சுகிர்தாவைப் பிடிக்கச் சொல்லி, வேகுமுன் ஒன்றைச் சுட்டுவிட வேண்டியதுதான். பத்து வருடத்தில் எனக்கு வந்த நல்ல யோசனை இதுதான். சட்டப்படி எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

முடிந்தது.

"கொழுக்கட்டை திங்கணும் போல இருக்குட்டி. நீ பிடிச்சாத்தான் பதம் வருது" என்றேன். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மாவு பிசைந்து, தேங்காயும் கருப்பட்டியும் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பெரிசாப் பிடிட்டி. இறுக்கிப் பிடி."

"ஏன் மைனி, கொழுக்கட்டைய எங்கயும் எறியப் போறியளா?" பிறகு, "நீங்களும் ஒரு தட்டு பிடிங்க. எனக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?" என்றாள்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆளுக்கொரு தட்டு பிடித்தோம். என் தட்டு ஜன்னல் பக்கம், அவள் தட்டு அடுப்புப் பக்கம். நடுவில், "மைனி, வாசல்ல யாரோ கூப்பிடுதாங்க" என்றாள். போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. திரும்பி வந்தபோது அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டுகள் இடம் மாறவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அடுப்புப் பக்கத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து முந்தானையில் ஒளித்தேன்.

வேலை அறையில் வைத்துப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. சுகிர்தாவுக்கு இவ்வளவு பெரிய பிடி என்று நான் நினைக்கவே இல்லை. மோதிர விரல் பள்ளம் கொஞ்சம் கோணல். ஒரு பிடிவாதக்காரியின் பிடி. இந்தக் கையால்தானே என் மெழுகைச் சுரண்டினாள் என்று எண்ணிக்கொண்டேன்.

மீதிக் கொழுக்கட்டையை அருள்சேகர் தின்றார். "ஒண்ணு கொறையுதே" என்றார். டயர் எண்ணிப் பழகிய கண்.

ஏப்ரல் 28, செவ்வாய்

கொழுக்கட்டையைப் பாரிஸ் சாந்தில் புதைத்து அச்செடுத்தேன். பல் செட்டுக்கு மெழுகை உருக்கி எடுப்போம், இங்கே மாவைச் சுரண்டி எடுத்தேன். எறும்பு வந்தது. கருப்பட்டியைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம்.

சுகிர்தாவின் கையில் மறுபடி பவுடர். இன்று பள்ளிக்கும் விடுமுறை, வெளியேயும் போகவில்லை. ஓசூரில் யாரோ இருக்கிறார்களோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. கேட்கவில்லை.

மே 2, சனி

அக்ரிலிக் இறுகிவிட்டது. என்னிடம் இருப்பது ஈறு நிறம் மட்டும்தான், அதனால் கைப்பிடியும் ஈறு நிறம். சார் நோட்டில் "நன்று" போட்டார். கைப்பிடியைக் காட்டி அனுமதி கேட்டேன். "பழசுதானே, என்ன வேணாப் பண்ணுங்கம்மா" என்றார்.

மே 5, செவ்வாய்

அரம் போட்டேன். உப்புக் காகிதத்தில் முரடு ஒன்று, நடுத்தரம் ஒன்று, மென்மை ஒன்று. கடைசியில் பல் மெருகேற்றும் சக்கரத்தில் காட்டினேன். பளபளத்தது.

என் கையில் பிடித்துப் பார்க்கவே இல்லை. குறட்டில் இறுக்கியே எல்லா வேலையும் செய்தேன். பிடித்துப் பார்த்தால், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று என் கைக்குச் சாதகமாகத் தேய்த்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். தவிர, செட் செய்கிறவள் அதைத் தன் வாயில் போட்டுப் பார்ப்பதில்லை.

மே 8, வெள்ளி

காலையில் சுகிர்தாவிடம் கொடுத்தேன். "பழைய கைப்பிடி ஒண்ணு சும்மா கெடந்துது. ஒட்டிப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

கையில் பிடித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்குட்டி?"

"கச்சிதம் மைனி. அளவெடுத்துச் செஞ்ச மாதிரியே இருக்கு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள். நானும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மத்தியானம் திருச்சிக்கு பஸ் ஏறினோம்.

மே 9, சனி

இதை விடுதி அறையில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் பரிசோதனை மேசை. விசையில் ஐந்நூறு கிராம் தொங்கவிட்டார்கள், நின்றது. அளவுப் பெட்டிக்குள் பிஸ்டலை வைத்தார்கள், அடங்கியது. அங்கிருந்த பெரியவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பல்லு மட்டும்தான் வைக்கல?" என்றார்.

முத்திரை ஒட்டினார். இனி ஒரு திருகைத் தொட்டாலும் இருவரும் வெளியே.

முதல் சுற்றில் சுகிர்தா. நான் பின்னால் நாற்காலியில். இரண்டாவது குண்டிலேயே தெரிந்தது, அவள் கை கைப்பிடிக்குள் தேடுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் பிடியை விட்டு விட்டு மறுபடி பிடித்தாள். எட்டு, ஒன்பது, எட்டு, பத்து. என்ன தப்பு செய்தேன்? அக்ரிலிக் சுருங்கிவிட்டதா? இவ்வளவு தடுமாறியும் விடவில்லை. கடைசிக் குண்டு பத்து. 351. தகுதிக்கு ஒன்று அதிகம்.

மூன்றாவது சுற்றில் நான். பிஸ்டலை எடுத்தேன்.

கை உள்ளே போனது. எங்கும் இடிக்கவில்லை, எங்கும் இடைவெளி இல்லை. மோதிர விரல் அந்தக் கோணல் பள்ளத்தில் போய்ப் படுத்தது. என் மோதிர விரல் கோணல். பதினோரு வயதில் கதவு இடுக்கில் நசுங்கியது. முப்பத்தைந்து வருடமாக என்னோடு இருக்கிற விரல்.

அது என் கொழுக்கட்டை. தட்டு மாற்றி எடுத்துவிட்டேன். ஒரு செட்டைப் பார்த்தால் எந்த டாக்டர் அனுப்பிய யார் வாய் என்று சொல்லிவிடுவேன். என் கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

என்ன செய்ய முடியும்? முத்திரை ஒட்டியாகிவிட்டது. வேண்டுமென்றே தவறவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கை கேட்கவில்லை. என் பேச்சை அது என்றைக்குக் கேட்டது? பத்து, பத்து, ஒன்பது, பத்து. நாற்பது குண்டும் முடிந்தபோது 364. என் வாழ்நாளில் இவ்வளவு எடுத்ததில்லை. பின்னாலிருந்து முதலில் கைதட்டியது சுகிர்தா.

பிஸ்டல் எனக்கு. நல்லதை மட்டும் எழுத வேண்டும். அவள் போய்விடுவாள்.

மே 10, ஞாயிறு

பஸ்ஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதுரை வரை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"ஏட்டி, அந்தக் கைப்பிடி ஒனக்குத்தான் செஞ்சேன். தட்டு மாறிப்போச்சு. நான் ஒரு கூறுகெட்டவ."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டாள். விருதுநகர் தாண்டியும் குலுங்கல் நிற்கவில்லை. இவ்வளவு அழுவாள் என்று நான் நினைக்கவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தேன். அதற்கு இன்னும் அதிகமாகக் குலுங்கினாள்.

மே 18, திங்கள்

சுகிர்தா ஓசூருக்கு வருவதாகக் கடிதம் போட்டுவிட்டாள். அருள்சேகர் அவளுக்கு ஒரு பெரிய பெட்டி வாங்கிவந்தார். தோல்பையைப் பழைய சாமானில் போட்டார்கள்.

எடைக்கல்லைத் துடைத்துப் பள்ளியில் திருப்பிக் கொடுக்கும்படி என்னிடம் கொடுத்தாள். துடைத்து வைத்தேன்.

மே 25, திங்கள்

சார் பிஸ்டலை என் பெயரில் பதிந்து கொடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

மே 31, ஞாயிறு

மைனிக்கு, சுகிர்தா எழுதுவது.

நீங்கள் பிரியாணிக்குக் கறி வாங்கப் போயிருக்கிறீர்கள். சாந்து மூட்டையில் கை விட்டு நோட்டை எடுத்துவிட்டேன். இது முதல் தடவை இல்லை. ஏப்ரல் பதினான்காம் தேதியிலிருந்து எடுக்கிறேன். வேர்க்குரு என்று நீங்கள் நம்பியதை நினைத்து ஒரு வாரம் சிரித்தேன். ஓசூரில் யாரும் இல்லை மைனி. அது உங்கள் சாந்துதான்.

கொழுக்கட்டைத் திட்டத்தை சனிக்கிழமை சாயங்காலமே படித்துவிட்டேன். அதனால்தான் உங்களையும் ஒரு தட்டு பிடிக்கச் சொன்னேன். வாசலில் யாரும் கூப்பிடவில்லை. நீங்கள் எழுந்து போன நேரத்தில் தட்டை மாற்றவில்லை, தட்டு மாறினால் கண்டுபிடித்துவிடுவீர்கள். கொழுக்கட்டைகளைத்தான் மாற்றினேன். பஸ்ஸில் நான் அழவில்லை. நீங்கள் முதுகைத் தடவத் தடவ எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

வேண்டுமென்றே குறைத்துச் சுடவில்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். உங்கள் பெரிய பிடியில் 351 எடுத்தேன். என் அளவில் ஒன்று இருந்திருந்தால் உங்களை ஓரமாக உட்கார வைத்திருப்பேன். அதை மறக்க வேண்டாம்.

எனக்குப் போகத்தான் ஆசை மைனி. என் பெயரில் ஒரு வீட்டுச் சாவி வேண்டும். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் பிஸ்டல் மேல் பழியைப் போட்டு வைத்தேன். அது கிடைத்திருந்தால் அதையே சாக்காக வைத்து அந்த மாடி அறையிலேயே கிழவியாகியிருப்பேன். என்னைப் போகாதே என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. ஆனால் டிபன் பாக்ஸ் கழுவியதை எழுதினீர்கள். ஏழு வருடத்தில் முதல் தடவை. அதைப் படித்தபோது மட்டும் நிஜமாகவே அழுதேன்.

அங்கேயும் ஒரு சங்கம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அடுத்த கட்டப் போட்டியில் உங்களுக்கு நேர் பக்கத்தில் நின்று சுட இடம் கேட்பேன்.

நன்று. (இது சார் கையெழுத்து மாதிரி.)

ஜூன் 1, திங்கள்

வண்டியில் ஏற்றிவிட்டு வந்தோம். அருள்சேகர் ஸ்டேஷனில் அழுதார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து சாந்து மூட்டையைத் திறந்தேன், நோட்டைப் படித்தேன், பிறகு என்னால் முடியவில்லை. "களவாணி முண்டம்" என்று சத்தம்போட்டுத் திட்டினேன், அழுதுகொண்டே சிரித்தேன். அருள்சேகர் ஓடி வந்து, என் கையெல்லாம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, சோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் இல்லாமல் வீடு நன்றாக இல்லை. கெட்டதை எழுதிவிட்டேன். சார் எப்படியும் படிக்கப் போவதில்லை.

ஜூன் 2, செவ்வாய்

காலையில் பிஸ்டல் பெட்டியைத் திறந்தேன். குண்டு டப்பா மேல் ஒரு மெழுகுப் பல். இந்தத் தடவை வேர் இரண்டும் சரியான நீளம். பின்பக்கக் குறியைப் பார்த்தேன். இடப்பக்கம் இரண்டு சொடுக்கு.

திருப்பி வைக்கக் கை போனது. பிறகு பெட்டியை மூடிவிட்டேன். இன்று செவ்வாய், அவள் நாள்.